கதவு பேசும் ரயில்

லிஃப்ட் அக்காவிடம், "இந்தப் பாட்டெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து வருது?" என்று கேட்டால், "மேலேருந்து" என்பார். கடவுளைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று கேட்டவர்கள் தலையாட்டிக்கொள்வார்கள். அக்கா சொன்னது லிஃப்டின் கூரையை.

அவருடைய வேலை அப்படி. அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் எந்த லிஃப்ட் முரண்டு பிடித்தாலும் கம்பெனியிலிருந்து அவர்தான் வருவார். பெட்டியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, திருகாணிகளை மடியில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவார். வெளியே 'பழுது' என்று பலகை தொங்கும். பலகையைப் பார்த்தவர்கள் உடனே படியேறிப் போய்விடுவதில்லை. கொஞ்ச நேரம் நின்று லிஃப்டைத் திட்டுவார்கள். அது சலித்ததும் வீட்டில் இருப்பவர்களைத் திட்டுவார்கள். பிறகு போனை எடுத்து ஊரில் இருப்பவர்களையெல்லாம் திட்டுவார்கள். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள், அதுவும் பாட்டுக் கட்டுகிற ஆள், மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தோன்றும்?

சனிக்கிழமை சாயங்காலங்களில் அக்கா கிட்டாரை எடுத்துக்கொண்டு பல் டாக்டரம்மாவின் வீட்டுக்குப் போவார். ஐந்தாவது மாடி. நல்ல பெரிய கூடம். மேடை கிடையாது, மைக் கிடையாது. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டால் இருபது முப்பது பேர் உட்காரலாம். பிந்தி வந்தவர்களுக்குத் தரையும் ஜன்னல் விளிம்பும். குளிர்பெட்டி உறுமும் என்பதால் பாட்டு முடியும்வரை அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கடைசிப் பாட்டு வருவதற்குள் சமையலறையிலிருந்து தண்ணீர் மெல்ல நடந்து கூடத்துக்கு வந்துவிடும். யாராவது ஒருவர் பாட்டைக் கேட்டபடியே காலால் துணியைத் தேய்த்துத் துடைப்பார். அக்காவின் குரல் ஒன்றும் தேன் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, மேலே போனால் ஒரு கீச்சு. ஆனால் அவர் பாடினால் பக்கத்தில் இருப்பவர் காதோடு கதை சொல்வதுபோல இருக்கும். அதனால்தான் கூட்டம் வந்தது.

யாரைப் பற்றிப் பாடினாலும் பெயர் வராது, வீட்டு எண் வராது, தொழிலை மாற்றிவிடுவார். அவ்வளவுதான் அவர் பார்க்கும் நியாயம். மற்றபடி கேட்டது கேட்டபடியே பாட்டில் ஏறும்.

ஒரு புதன்கிழமை காலை நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு முழுக்க மூடாமல் ஒரு கை அகலத்துக்கு நின்றுவிட்டது. கதவு மூடவில்லையென்றால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "தயவுசெய்து கதவை மூடவும்" என்று சொல்லும்படி அமைத்திருந்தார்கள். அக்கா கூரைமேல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்க, கீழே அந்தக் குரல் விடாமல் மன்றாடிக்கொண்டிருந்தது. அப்போது நான்காவது மாடியில் குடியிருக்கும் சங்கச் செயலாளர் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து நின்றார். அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கே அவர்தான் செயலாளர். வெறுங்கால், தோளில் துண்டு. கூரைத் திறப்பும் கதவிடுக்கும் வழியாக அக்காவுக்கு எல்லாம் தெரிந்தது. அவருக்குப் போன் வந்தது.

"மச்சான், சொல்லுங்க மச்சான்... இன்னிக்கா? அடடா, நான் ஊர்லயே இல்லையே மச்சான். ட்ரெயின்ல போய்க்கிட்டிருக்கேன்."

"தயவுசெய்து கதவை மூடவும்" என்றது லிஃப்ட்.

செயலாளர் ஒரு விநாடி அசந்துபோனார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அதுவா? கதவு மச்சான். இப்பல்லாம் ட்ரெயின்ல கதவு பேசுது. புது ட்ரெயின்."

அக்கா டார்ச்சை இன்னும் கெட்டியாகக் கடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் சிரிப்புச் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும். மோட்டாரைத் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் பாட்டும் பாதி முடிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமையே பாடினார். செயலாளரைக் கோட்டுப் போட்ட அதிகாரி ஆக்கியிருந்தார்.

"ஊருல இல்லீங்க நானு – இப்ப
ஓடுற ரயிலுல நானு!
காலுல செருப்பையும் காணோம் – கையில
காப்பிக் கோப்பைதான் ஏனோ?
பேசுற கதவுள்ள ரயிலு – அது
பேசுது கேளுங்க குயிலு..."

இங்கே நிறுத்தி, மூக்கால், லிஃப்டின் குரலில், "தயவுசெய்து கதவை மூடவும்" என்பார். இரண்டாவது முறை வரும்போதே கூடம் முழுக்கச் சேர்ந்து சொன்னது. செயலாளர் முன்வரிசையில்தான் இருந்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் அக்காவின் காதருகே குனிந்து, "நம்ம மருந்துக்கடைக்காரரைத்தானே வாரியிருக்கீங்க? நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நடிப்பு இல்லை. நாளொன்றுக்கு நாலு பேரிடம் ஊரில் இல்லாமல் போகிறவருக்கு எந்தப் பொய்யை எங்கே நின்று சொன்னோம் என்றா நினைவிருக்கப்போகிறது?

வேடிக்கை திங்கட்கிழமை தொடங்கியது. மருந்துக்கடைக்காரரே அக்காவைத் தேடி வந்தார். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அக்காவை மேலேயிருந்து எட்டிப்பார்த்து, "அக்கா, அந்த ரயில் ஆளு நான்தானே?" என்று கேட்டார்.

"ஏங்க, நீங்க எந்த ரயில்ல போனீங்க?"

"போகலையே! அதானே பிரச்சினை! எங்க மாமா சொன்னாரா உங்ககிட்ட? அந்தக் காப்பியை மட்டும் எடுத்துடுங்கக்கா, நான் காப்பி குடிக்கிறது ஊருக்கே தெரியும். டீன்னு போட்டாக்கூடப் போதும்."

அடுத்து பல் டாக்டரம்மா. டீ கொடுத்தபடியே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "என்னை ஆம்பளையா மாத்திப் பாடினதுக்கு ரொம்ப நன்றிம்மா. ஆனா நான் அன்னிக்கு ஊர்ல இல்லைன்னுட்டு டாக்டருங்க கூட்டத்துக்குப் போகாம இருந்ததுக்கு நெஜமாவே தலைவலிதான் காரணம்."

மறுநாள் காலை அக்காவின் வீட்டுக்காரர். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஊர்க்கதை அத்தனையையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவர். அன்று தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, "உன் தங்கச்சி வீடு பால் காய்ச்சினப்போ கடையில கூட்டம்னு சொன்னேன்ல... அதை இப்படி ஊரைக் கூட்டியா பாடணும்?" என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "கூட்டம் இல்லையா அன்னிக்கு?"

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கடை திறக்கப் போய்விட்டார்.

இப்படி ஒரே பாட்டுக்கு ஆள் ஆளாகச் சொந்தம் கொண்டாட, உண்மையான சொந்தக்காரர் மட்டும் போகிற இடமெல்லாம் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார். அதோடு நிற்கவில்லை. "என் சம்சாரத்துக்குப் பிறந்தநாள் வருது. நம்ம வீட்டுல ஒரு சாயங்காலம் வெச்சுக்குவோம். ரயில் பாட்டு கட்டாயம் வேணும்" என்று அக்காவை அழைத்தும்விட்டார்.

அக்கா போனார். பெரிய கூடம் இல்லை. டியூஷன் வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகளை முட்டிக்கு முட்டி இடிக்கப் போட்டிருந்தார்கள். வழக்கமான ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மட்டும் ஒரு புது முகம். கனத்த உடம்புக்காரர், இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, முதுகை வளைக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இவர்தான் எங்க மச்சான். என் சம்சாரத்தோட அண்ணன். அச்சாபீஸ் வெச்சிருக்கார்" என்று செயலாளர் அறிமுகப்படுத்தினார்.

"முதுகுக்கு என்னங்கண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"வீடு மாத்தினேம்மா. பீரோவைத் தூக்க ஆள் வரேன்னாங்க, வரலை. தனியாத் தூக்கினேன். பிடிச்சுக்கிச்சு."

அக்காவின் காதில் அந்தப் புதன்கிழமை 'மச்சான்' மறுபடி கேட்டது. வீடு மாற்றியது என்றைக்கு என்று கேட்கவே அவருக்குத் துணிவு வரவில்லை.

முதலில் கொசுவைப் பற்றி ஒரு பாட்டு பாடினார். குடையைத் தொலைத்தவளின் பாட்டு. பிறகு, யாருமே கேட்காத ஒரு நீளமான தாலாட்டு. "ரயில்! ரயில்!" என்று செயலாளர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கிட்டாரைத் தட்டித் தொடங்கினார். தொடங்கும்போதே ரயிலைக் கப்பலாக மாற்றிவிட்டார். 'ஓடுற கப்பலில் நானு' என்று பாடியதும் கூட்டம் முனகியது. கோப்பை போய் குடை வந்தது. கதவு வரவேண்டிய இடத்தில் அக்கா அவசரமாக ஒரு கடற்பறவையைப் பறக்கவிட்டார்.

"தப்பு! தப்பு!" என்று எழுந்தே விட்டார் மருந்துக்கடைக்காரர். பாட்டு தன்னைப் பற்றியது இல்லை என்று அக்கா சத்தியம் செய்த நாளிலிருந்து அந்தப் பாட்டுக்கு அவரைப் போல ரசிகர் கிடையாது. "அக்காவுக்கு மறந்துபோச்சு, நாம எடுத்துக் கொடுப்போம்!" என்று அவர் கையை வீச, கூடம் மொத்தமும் ஒரே குரலில், மூக்கால், பாடியது:

"தயவுசெய்து கதவை மூடவும்!"

அச்சாபீஸ்காரர் மெல்ல நிமிர்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்திருந்தவர் இன்னும் நிமிர முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. ரயில்ல கதவு பேசுதுன்னு வருமா பாட்டுல?"

அக்கா கிட்டாரின் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினார். "வரும், வரும்! அதுதான் ஜோரான இடம்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அச்சாபீஸ்காரர் உடம்போடு சேர்த்து நாற்காலியையும் திருப்பினார். முதுகு திரும்பாதே.

"மாப்பிள்ளை, அந்தப் புது ட்ரெயின் எந்த ஊருக்குப் போச்சு?"

செயலாளரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து ஆள் மட்டும் கிளம்பிப் போய்விட்டார். இதுவரை எத்தனை தடவை அந்தப் பாட்டைப் பாடியிருப்பார்! இப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது. "மச்சான்... அது வந்து..." என்று மின்விசிறியைப் பார்த்தார்.

"வீடு மாத்தின அன்னிக்கா?" என்றார் பிறந்தநாள்காரி, கேக்கை வெட்டிய கத்தி கையில் இருக்க. "அண்ணே, அன்னிக்கு முழுக்க இவர் இந்தச் சோபாவுலதான் படுத்துக் கிடந்தார். கேட்டதுக்கு, 'உங்க அண்ணன் ஆள் போட்டுட்டாராம்'னு சொன்னாரு!"

அக்கா கிட்டாரை உறைக்குள் போடலாமா என்று பார்த்தார். இத்தனை காலம் யாரையும் நோகாமல் கிள்ளியதாகத்தான் அவர் நினைத்திருந்தார்; இப்போது ஒரு குடும்பமே இரண்டாகிவிடும் போலிருந்தது.

முதலில் குலுங்கியது அந்தப் பெல்ட்டுதான். பிறகு வயிறு, பிறகு தோள். அச்சாபீஸ்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் முதுகு வலித்தது. வலித்ததால் "ஐயோ" என்றார். அந்த ஐயோவுக்குக் கூடம் முழுக்கச் சிரித்தது.

"எனக்கு வருத்தம் இல்லை மாப்பிள்ளை. பீரோதான் இன்னும் கீழேயே நிக்குது. என்னால அதை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோக முடிஞ்சுது. தினமும் காலையில ஒரு சட்டை எடுக்க மூணு மாடி இறங்குறேன். போறவங்க வரவங்க எல்லாம் என் பனியனைப் பார்க்கிறாங்க." பிறகு கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை தூக்கலாம்னு இருக்கேன். யாரெல்லாம் ஊர்ல இல்லை?"

அந்தக் கூடத்தில் அன்று ஊரில் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் போனார். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். செயலாளர் ஆசையோடு அவரைப் பார்த்தார். "அக்கா, லிஃப்ட்ல போகுமான்னு ஒரு தடவை அளந்து பாருங்களேன்."

அக்கா டேப்பை இழுத்தார். பீரோவை அளந்தார், லிஃப்டை அளந்தார், உள்ளே போய்க் குறுக்காகவும் ஒருமுறை அளந்தார். டேப் சர்ரென்று சுருண்டது. "போகாது" என்றார்.

தூக்கினார்கள். முன்னால் செயலாளர், பின்னால் மருந்துக்கடைக்காரர், ஒரு மூலையில் அக்காவின் வீட்டுக்காரர், இன்னொரு மூலையில் யாரோ ஒருவர். டாக்டரம்மா படிகளுக்கு முன்னால் நின்று "இடது! இடது!" என்றார், அது அவருடைய இடதா அவர்களுடைய இடதா என்று கடைசிவரை தெரியவில்லை. முதல் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. இரண்டாவது திருப்பத்தில் செயலாளர் மாட்டிக்கொண்டார். அக்கா மேல்படியில் உட்கார்ந்து, அவர்கள் காலெடுத்து வைப்பதற்குத் தோதாகப் பாட்டுக் கட்டிப் பாடினார். அச்சாபீஸ்காரர் கைப்பிடிச் சுவரில் தாளம் போட்டார். அவருக்கு நல்ல தாளஞானம். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் இல்லாமல் அக்கா பாடுவதில்லை.

வீடு திரும்பும் வழியில் வீட்டுக்காரர் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "நெஜமாவே லிஃப்ட்ல போகாதா அது?"

"சாய்ச்சா போகும்."

வீட்டுக்காரர் தெருவிலேயே நின்றுவிட்டார். அக்கா நிற்காமல் நடந்தார். தங்கச்சி வீட்டுக் கணக்கு தீர்ந்தது.

ஆனால் அக்காவின் பாட்டு எங்கிருந்து வருகிறது என்ற செய்தி பரவிவிட்டது. அதற்குப் பிறகு பழுதுப் பலகையைக் கண்டாலே ஜனங்கள் உதட்டை மடித்துக்கொண்டு படியேறினார்கள். சிலர் கதவைத் தட்டி, "அக்கா, உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தும்மவே செய்தார்கள். அப்புறம் காற்று வேறு பக்கம் திரும்பியது. பாட்டில் ஏறவேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. இரண்டாவது மாடி மாமியார் கதவருகே நின்று, மருமகள் உப்புப் போடும் விதத்தைப் பற்றி நிறுத்தி நிதானமாக, எழுதிக்கொள்ளச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் மருமகள் வந்து மறுப்பை வாசிப்பாள். அக்கா இருவருக்கும் பாட்டுக் கட்டவில்லை. வேண்டுமென்றே வந்து கொட்டுகிற பேச்சில் அவருக்கு ருசி இல்லை.

போன மாதம் முதல் மாடியில் கயிற்றுக்கு மசகு தடவிக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே இருப்பது தெரியாத இரண்டு பெண்கள் வெளியே நின்று பேசினார்கள்.

"பாட்டெல்லாம் சரிதான். ஆனா மேல போறப்போ அந்தக் கீச்சு இருக்கே, எனக்குப் பல்லு கூசுது."

"வரிகளுக்காகத்தானே போறோம்? நான் அந்த இடத்துல தண்ணி குடிக்க எழுந்துருவேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வெளியே குதித்து இரண்டு வார்த்தை கேட்டுவிடலாமா என்று பார்த்தார். கை முழுக்க மசகு. அன்று வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்காரர், பழைய பொய் எதுவோ மறுபடி வெளிவந்துவிட்டது என்று பயந்து, கேட்காமலே பாத்திரம் துலக்கினார். மறுநாள் அக்கா கிட்டாரை எடுத்து அதே பாட்டை ஒருமுறை பாடிப் பார்த்தார். கீச்சு இருக்கத்தான் செய்தது.

இப்போதெல்லாம் சுருதியை அரைக்கட்டை இறக்கித்தான் பாடுகிறார். தண்ணீர் குடிக்க யாரும் எழுந்திருப்பதில்லை.