தங்கச்சியின் சீதன வீட்டில் நான் வசிக்கவில்லை

மட்டக்களப்பு நகரில் ஒரு வீட்டில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த மூன்று வருடமும், நான் அங்கே குடியிருக்கவில்லை என்று, ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் அந்தச் சந்து முழுவதையும் நம்பவைக்கப் பாடுபட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், அங்கேதான் குடியிருக்கிறேன் என்று கால் மணி நேரத்தில் நிரூபிக்க வேண்டி வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழை பெய்தால்தான் வாயைத் திறக்கும். நான் வெயிலிலும் கத்தினேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண் பிள்ளைக்குத்தான். தகப்பன் கடன்பட்டாவது மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிச் சீதனமாகக் கொடுப்பார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவார். அப்படித்தான் நானும் நகருக்கு வெளியே தேற்றாத்தீவு என்ற ஊரில் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை. அப்பன், பாட்டன் எல்லாரும் போன வழி.

வெட்கம் எங்கே இருக்கிறது என்றால், கலியாணம் முடித்த ஆண் திரும்பி வந்து தங்கச்சியின் சீதன வீட்டில் குந்துவதில் இருக்கிறது. அதற்கு ஊரில் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, மனைவி துரத்திவிட்டாள். மற்றது, ஆள் உதவாக்கரை.

என் விடயத்தில் இரண்டும் இல்லை, அல்லது முதலாவது இல்லை. மனைவிக்கு நகர ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தது. இரவுக் கடமை முடித்து தேற்றாத்தீவுக்கு பஸ்ஸில் வந்து போய் அவள் இளைத்துப் போனாள். அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி புருசனோடு வெளிநாடு போனாள். பூட்டிக் கிடந்தால் கறையான் தின்றுவிடும், போய் இருங்கள் என்றாள். நாங்கள் போய் இருந்தோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

மனைவி மூன்றே நாளில் ஒழுங்கைக்காரி ஆகிவிட்டாள். நான்தான் ஆகவில்லை. யார் கேட்டாலும், "நாங்க தேற்றாத்தீவு ஆக்கள். இஞ்ச சும்மா வந்து போற" என்பேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சனிக்கிழமைகளில் தேற்றாத்தீவுக்குப் புறப்படும்போது மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டு, "வீட்ட போயிற்று வாறம்" என்று பக்கத்து வளவுக்குக் கேட்கக் கத்துவேன். மரண உதவிச் சங்கத்தில் சேரச் சொல்லி வந்தவர்களிடம், எங்களுக்கு ஊரில் சங்கம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். இங்கே சாகும் எண்ணம்கூட எனக்கு இல்லை என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா. வாக்காளர் பதிவைக்கூட மாற்றவில்லை. மாற்றப் போனால் கிராம சேவகர், வீடு ஆருடையது என்று கேட்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று சொல்லலாம். அந்தப் பூசணிக்காய் தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றது.

ஒரு நாள் மனைவி பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"இஞ்சேருங்க, எனக்கெண்டு அப்பா கட்டித் தந்த வீட்டப் பூட்டிப்போட்டு மச்சாள்ர வீட்டில வந்து இரிக்கிறது நான். எனக்கு இல்லாத வெக்கம் உங்களுக்கு எங்கால வந்த?"

அவள் சொன்னது நியாயம் என்பதால் கோபம்தான் வந்தது. நியாயமான பேச்சுக்கு எனக்கு எப்போதும் கோபம் வரும்.

மகளுக்கு ஐந்து வயதாகி, முதலாம் ஆண்டில் சேர்க்கும் காலம் வந்தது. பள்ளிக்கூடம் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிறது. மகள் வேலியில் தொங்கிக்கொண்டு அந்த வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து ஊர் தகப்பன்மார் அடித்துக்கொள்கிறார்கள். கிட்ட வசிக்கிறவர்களுக்குத்தான் முதலிடம் என்பதால், கிட்ட வசிக்காதவர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் கிட்ட வசிக்கத் தொடங்குவார்கள். சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் கட்டிலைப் போட்டுக் கலியாணப் படத்தைச் சுவரில் மாட்டி, வெற்றிகரமாக வசித்துக் காட்டுவார்கள்.

நான் உண்மையாகவே வசிக்கிறவன். எனக்கென்ன பயம் என்று நினைத்தேன். பார்க்கப்போனால் என்னிடம் இருந்தது அந்த உண்மை ஒன்றுதான். வீட்டு உறுதிப் பத்திரம் தங்கச்சியின் பெயரில். மின்சாரப் பட்டியல் மச்சானின் பெயரில். வாக்காளர் இடாப்பில் நாங்கள் தேற்றாத்தீவு. நானோ ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞர். பிறருடைய விண்ணப்பங்களில் ஓட்டை பிடித்துத் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

நேர்முகத்தில் முகத்தைச் சுளித்தார்கள். வீட்டைப் பார்க்க வருவோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். நான் கதவைப் பூட்டி, பையைக் கொழுவி, மனைவியையும் மகளையும் பின்னால் ஏற்றி, வழக்கம்போல, "வீட்ட போயிற்று வாறம்" என்று கத்தி முடித்த நேரம். ஒழுங்கையில் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவரும், கையில் கடதாசிக் கோவையோடு ஒரு வாத்தியார் சேரும் நின்றார்கள்.

"வீட்டயா? அப்ப இது?" என்று ரீச்சர் பூட்டிய கதவைக் காட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சேர் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விட்டார். அக்கா வேலியோரம் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"இவங்க இஞ்சயா இரிக்காங்க?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: "இல்ல சேர். இவங்க தேற்றாத்தீவு ஆக்கள். இது தம்பிட தங்கச்சிட வீடு. இஞ்ச சும்மா வந்து போற."

எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கடைக்கார அண்ணனும் அதையே சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. மூன்று வருடம் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எல்லாரும் அன்று சித்தியடைந்தார்கள்.

ரீச்சர் கடைசியாக மனைவியிடம் திரும்பினார். "உங்கட வீடு எங்க இரிக்கி?"

"தேற்றாத்தீவில" என்றாள் அவள், கண் இமைக்காமல். எங்கள் ஊர்ப் பெண்ணிடம் உன் வீடு எங்கே என்று கேட்டால், தகப்பன் கொடுத்த வீட்டைத்தான் சொல்வாள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

சேர் கோவையை மூடினார். மகளுக்கு என்ன விளங்கியதோ, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை அறுத்தது. அறுத்த இடத்தில் கோபம்தான் வந்தது, ஆனால் இந்த முறை யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. ஆகவே கத்தினேன்.

"ரீச்சர், நான் பொய்யன். இவ்வளவு பேருக்கும் நான்தான் பொய் சொல்லி வச்ச. நான் மூண்டு வருசமா என்ட தங்கச்சிட சீதன வீட்டிலதான் குந்திக்கொண்டு இரிக்கன். வாடகையும் இல்ல. வெக்கத்தில சொல்லல்ல."

முருங்கைக்காய் பறித்த கை நின்றது. நான் தரையைப் பார்த்தேன்.

ரீச்சர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சேரிடம் சொன்னார்: "எழுதுங்க சேர். ஆக்கள் வாடகை வீடு எண்டு பொய் சொல்லுவாங்க. சித்தப்பாட வீடு எண்டும் சொல்லுவாங்க. தங்கச்சிட சீதன வீட்டில குந்தி இரிக்கன் எண்டு நம்மட ஊர் ஆம்பிள ஒருத்தனும் பொய்க்குச் சொல்ல மாட்டான்."

கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே போய் அடுப்படியையும், மகள் சுவரில் கிறுக்கியதையும் பார்த்தார். மகளின் உயரத்தோடு கிறுக்கலும் ஏறியிருந்தது. இடம் கிடைத்தது.

பட்டியலில் மகளின் பெயரைப் பார்த்த அன்று, ஒரு கேக்குடன் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதா, மன்னிப்பதா என்று எனக்கே தெளிவில்லை.

"என்ன அக்கா, அண்டைக்கு அப்படிச் சொல்லிப்போட்டீங்க. நாங்க இஞ்ச இரிக்கிறது தெரியாதா?"

"தெரியாம என்ன தம்பி. விடியக்காலம நீங்க புள்ளைய எழுப்புற சத்தத்திலதான் நாங்களும் எழும்புற."

"மறுகா ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவங்க பள்ளிக்கூட ஆக்களெண்டு எனக்கு ஆரு சொன்ன? ஆரோ உங்கள விசாரிக்க வந்திரிக்காங்க எண்டு நினைச்சன். நாலு பேருக்கு முன்னால நீங்க தலை குனியக்கூடாதே. ஆரு கேட்டாலும் நீங்க சொல்றதையே சொல்றது எண்டு நாங்க எல்லாரும் எப்பவோ கதைச்சு வச்சிற்றம்."

நான் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடமாக ஒருவரையும் நான் ஏமாற்றியிருக்கவில்லை. என்னை ஒருவரும் இளக்காரமாகப் பார்க்கவும் இல்லை. சங்கத்தில்கூடச் சேராத ஒருவனுடைய மானத்தை ஒரு ஒழுங்கையே கட்டிக் காத்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கேக்கை நீட்டினேன்.

அக்கா வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப இனி ஆரும் வந்து கேட்டா என்ன சொல்லுற தம்பி?"

உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆரு கேக்கிற எண்டு பாத்துச் சொல்லுங்க அக்கா" என்றேன்.