எலும்பில்லாத கறி

கார்த்திகைக் கடைசியில் பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு லாப்ரடார் குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, எங்கள் கோட்டையூர் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பிறந்து ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. "அப்பாவுக்கு ரிட்டையர் ஆனதுலேருந்து பேச்சுத் துணையில்லம்மா" என்றாள். நான் என்ன ஊமையா என்று கேட்டேன். "நீங்க பேசுவீக, அப்பா எங்கிட்டுப் பேசுறது?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை.

வந்த நாளிலிருந்தே குட்டி என் வீட்டுக்காரர் காலடியை விட்டு நகரவில்லை. அவரும் அதனோடு பேசினார். முப்பது வருஷத்தில் என்னோடு பேசியதைவிட அந்தப் பத்து நாளில் அதனோடு பேசியது அதிகமாக இருக்கும். செய்தித்தாளைக்கூட அதற்கு வாசித்துக் காட்டினார். பொறாமை என்று வைத்துக்கொண்டாலும் சரிதான், பார்க்க நன்றாக இருந்தது.

மார்கழி பிறந்ததும் அவர் மாலை போட்டுக்கொண்டார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது அவருக்கு வருஷம் தவறாத வழக்கம். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் கறி, மீன், முட்டை எதுவும் ஏறாது. அதற்கென்று பாத்திரங்களைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவேன். இந்தச் சமயத்தில்தான் குட்டிக்கு வயிறு கெட்டது. பால் ஊற்றினால் பேதி, தயிர்ச்சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும். மகளுக்குப் போன் செய்தேன்.

"பச்சைக் கறியாவே குடுங்கம்மா. இங்க எல்லாரும் அதான் குடுக்குறாங்க" என்று ஒரு நீளமான வீடியோ அனுப்பினாள். கறி இவ்வளவு, ஈரல் இவ்வளவு, மெல்லக்கூடிய எலும்பு இவ்வளவு, ஆரம்பிக்கும் முன்னால் டாக்டரைக் கேளுங்கள் என்றெல்லாம் அதில் ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். சமைக்க வேண்டாம். அடுப்பில் ஏற்றினால்தானே தப்பு? பச்சையாக வாங்கி, பின்கட்டுத் துவைகல் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தால் யாருக்கு என்ன குறை? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவரிடம் சொல்லவில்லை. விடியும் முன் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் கறிக்கடையிலிருந்து பையனை வரச் சொல்லாமல் நானே ஸ்கூட்டியில் போய்க் கோழிக்கறி வாங்கிவந்துவிடுவேன். முதல் வாரம் வீடியோவில் சொன்னபடி கழுத்தெலும்போடுதான் போட்டேன். குட்டி என்ன ஆனந்தமாகத் தின்றது தெரியுமா! பேதி நின்றது. மயிர் மினுமினுத்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பஜனை. மாலை போட்டவர்கள் ஒவ்வொரு வீடாகக் கூடிப் பாடிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். பஜனைக்கு முந்தின நாள் சாமி அறையைத் துடைக்கப் போனேன். முருகன் படத்துக்கு முன்னால், கோலம் போடும் இடத்தில், ஒரு துண்டு எலும்பு கிடந்தது. குட்டிதான் கவ்விக்கொண்டு வந்து போட்டிருக்கிறது. அதை எடுத்து எறிந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். நாளைக்கு வந்து உட்காரும் இருபது பேரில் ஒருவர் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மறுநாள் காலையில் கறிக்கடைக்காரரிடம், "இனிமே எலும்பே வேணாம்ணே. சுத்தமா எடுத்துட்டு வெறும் சதையாக் குடுங்க" என்றேன்.

"நாய்க்குத்தான ஆச்சி? எலும்பு நல்லதுதானே?" என்றார் அவர்.

"சொன்னதைச் செய்ங்கண்ணே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

ஈரலும் வாங்கவில்லை, அது இரத்தம் சொட்டும் என்று. பாலை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. ஆக மார்கழி முழுவதும், பொங்கல் வரைக்கும், வளருகிற குட்டிக்கு வெறும் சதையை மட்டும் போட்டேன். தப்பு என்று தோன்றவே இல்லை. நன்றாகத்தான் வளர்ந்தது. தினமும் ஒரு சுற்றுப் பெருத்தது.

பொங்கல் கழிந்து அவர் நடைக்குப் புறப்படும் அன்று குட்டி லேசாக நொண்டியது. முன்னங்கால் இரண்டும் கணுவுக்குக் கீழே வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. "என்னம்மா, இது நடையே சரியில்லையே?" என்றார். "தரை வழுக்குது. நீங்க நல்லபடியாப் போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிர்றேன்" என்று அனுப்பி வைத்தேன். தெருமுனை திரும்பும்வரை குட்டி வாசலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆட்டோ பிடித்துக் காரைக்குடியில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி, என் வீட்டுக்காரரோடு பழனிக்கு நடந்துகொண்டிருப்பவரின் மனைவி, பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர்ச் செய்தி ஒன்று விடாமல் கொண்டுபோகிற ஆள். டாக்டர் அறைக்குக் கதவும் கிடையாது, ஒரு திரைதான்.

டாக்டரம்மா சின்ன வயசு. காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பாடு என்னம்மா குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது போல எனக்குப் பட்டது.

"கடையில விக்கிற குட்டித் தீனிதான் டாக்டர். கூடப் பாலும் முட்டையும்" என்றேன். நாக்குக் கொஞ்சமும் குழறவில்லை.

"அப்பச் சத்துக் குறைவு இருக்காது. எங்கயாச்சும் குதிச்சு அடி பட்டிருக்கும்" என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மருந்தும் கொடுத்தார். குறையவில்லை என்றால் வாருங்கள், எக்ஸ்ரே எடுக்கலாம் என்றார். வெளியே வரும்போது அந்த அம்மாள், "குட்டிக்கு முட்டையா? தனி அடுப்பு வச்சிருக்கீகளோ?" என்றாள். இதற்கா பொய் சொன்னேன்! "ஆமா, பின்னாடி கொட்டகையில" என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே சதையைத்தான் போட்டேன்.

மருந்து நன்றாக வேலை செய்தது. வலி தெரியாமல் குட்டி துள்ளியது. பின்கட்டுப் படியில் ஏறி ஏறிக் குதித்தது. பரவாயில்லை, தப்பித்தோம் என்று நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அந்தப் படியிலிருந்து, ஒரு முழம் உயரம்கூட இல்லாத படியிலிருந்து, குதித்தது. ஒரு சத்தம் போட்டது. நாய் அப்படி அலறி நான் கேட்டதில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் முன்னங்கால்கள் எழுந்திருக்கப் பார்க்கின்றன, பின்பாதி அப்படியே கிடக்கிறது.

எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எலும்புல சத்தே இல்லம்மா. சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியல பாருங்க. முதுகெலும்புல ஒண்ணு நசுங்கியிருக்கு. உண்மையச் சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?" என்றார்.

சொன்னேன். அன்றைக்குக் காத்திருக்கும் இடத்தில் யாருமே இல்லை.

"வெறும் சதையில சுண்ணாம்புச் சத்துக் கிடையாது. வெளியில இருந்து வரலைன்னா, உடம்பு தன்னோட எலும்பைக் கரைச்சு எடுத்துக்கும். நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா, கூண்டுல போட்டு அசையாம வச்சுச் சாப்பாட்டை மாத்தியிருப்பேன். தேறியிருக்கும். வலி மருந்து குடுத்து ஓட விட்டிருக்க மாட்டேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பின்னங்கால் இனி வருமான்னு என்னால சொல்ல முடியாது. நம்பிக்கை ரொம்ப வச்சுக்காதீங்க."

அவர் தினமும் சாயங்காலம் தங்குமிடத்திலிருந்து போன் செய்வார். கால் கொப்புளத்தைப் பற்றி ஒரு வார்த்தை, குட்டியைப் பற்றி ஒன்பது வார்த்தை. "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றேன். நடைக்குப் போனவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பூசம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட் திறக்கும் சத்தம் கேட்டதுமே குட்டிக்குத் தெரிந்துவிட்டது. கூடத்து மூலையில் கிழிந்த போர்வையில் கிடந்தது, முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதியைத் தரையில் இழுத்துக்கொண்டு, கூடம் முழுவதையும் கடந்து அவரிடம் போயிற்று. அவர் வாசலிலேயே உட்கார்ந்து கையைத் தட்டினார். "வா, வா! இங்க பாரேன், தவழ்ந்து வருது எனக்காக! எங்கிட்டுடா கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"தவழல" என்றேன். "அதுக்குப் பின்னங்கால் ரெண்டும் வேலை செய்யல. என்னாலதான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். கறியை, எலும்பை, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யை. அவர் குட்டியின் பின்னங்காலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, காலைத் தொடுவது அதற்குத் தெரியவில்லை.

"கறி வாங்குனது எனக்குத் தெரியும்மா" என்றார். "ரெண்டாவது வாரமே தெரியும். துவைகல்லுக்குப் பக்கத்துல வாடை வந்துச்சு. குட்டி பசியாறுனாச் சரி, கேட்டா நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன்."

எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா எலும்பைப் போட்டிருப்பேனே! தெரிஞ்சும் வாயைத் தெறக்காம இருந்தீகளே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

குட்டி, நான் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, காதை மடித்து, முன்னங்கால்களால் தரையைத் தள்ளி என்னிடமிருந்து பின்னால் நகரப் பார்த்தது. முடியவில்லை.