அலுமாரிக்குள் இருந்த பிரெஞ்சு வைன்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் என் கணவர் பல வருஷமாகச் சாப்பாடு பரிமாறுகிறார். பிரெஞ்சு வைனை வெள்ளைத் துணி சுற்றி, லேபிள் தெரியப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார். ஆனால் ஒரு வாய் குடித்ததில்லை. டவுனில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் வைனுக்கென்றே ஓர் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வேலையோடு குடும்பத்துக்கு ஒரு வீடும் தருவார்களாம். சமைக்கத் தனிக் குசினி, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் மாமியாரோடும் பிள்ளைகளோடும் முட்டிக்கொண்டு கிடக்கும் எனக்கு அந்தக் குழாய் கனவிலேயே வர ஆரம்பித்தது.

இன்டர்வியூவில் வைனைக் குடிக்கக் கொடுத்து ருசியைச் சொல்லச் சொல்வார்கள். நல்ல காலமாக, கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் பிரான்சின் பழைய தோட்டமொன்றின் சிவப்பு வைனை வாங்கி, பாதியிலேயே முகம் சுளித்து வைத்துவிட்டுப் போனது. மிச்சத்தை மனேஜர் இவருக்கே கொடுத்துவிட்டார். போத்தலை வாங்கிப் பார்த்தேன். லேபிளில் திராட்சைத் தோட்டமும் நடுவில் பெரிய பங்களாவும் வரைந்திருந்தது. முந்நூறு வருஷத்துத் தோட்டம் என்றார், ஏதோ தன் பாட்டன் சொத்து போல. அங்கேயும் பங்களாவைத்தான் வரைகிறார்கள், லயத்தை யாரும் வரைவதில்லை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

சரி, குடித்துப் பாருங்கள் என்றால், தடிமன் பிடித்திருக்கிறதாம், மூக்கு அடைத்திருந்தால் வாசம் தெரியாதாம். தக்கையை அமுக்கி, என் சேலைகளுக்கு நடுவே அலுமாரியில் வைத்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. திறந்த வைன் அதிக நாள் தாங்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். ஆவி பிடித்தார், கொத்தமல்லி அவித்துக் குடித்தார், நொடிக்கொரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். தன் அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அப்பா குடியால் போனவர், போத்தல் என்றாலே அம்மா பயந்துவிடுமாம்.

மறுநாள் தீபாவளிக்கு முந்தின நாள். எங்கள் பக்கம் அன்றைக்கு வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்போம். அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு நாங்கள் டவுனிலிருந்து வந்தபோது, மாமனார் படத்துக்கு முன்னால் வடை, ஆட்டிறைச்சிக் கறி, பீடிக்கட்டு, பக்கத்தில் ஒரு செம்பு நிறைய வைன். தன் சேலை எடுக்க, எல்லாருக்கும் பொதுவான அலுமாரியைத் திறந்த மாமியார், மகன் அப்பாவுக்காக வாங்கி வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். மோந்து பார்த்தாராம், புளித்த வாடை அடித்ததாம். அள்ளி அள்ளிச் சீனி போட்டுக் கலக்கியிருக்கிறார்.

நான் கத்தித் தீர்த்தேன். இவர் கத்தவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் அம்மாவைக் கேட்டார்.

"உங்கப்பா சாகுற வரைக்கும் காட்டுல காச்சுன கசிப்புதானேய்யா குடிச்சாரு. அதுதானே ஆளையே கொண்டுபோச்சு. செத்த பெறகாவது நல்லது குடிக்கட்டும்னு ஊத்துனேன்."

படையல் முடிந்ததும் செம்பை மூத்த மகன் கையில் கொடுப்பது வழக்கம். இவர் வாங்கினார். கரையாத சீனி அடியில் தெரியும்வரை முழுவதையும் குடித்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

இன்டர்வியூவில் அதே மாதிரி வைனைத்தான் கொடுத்தார்களாம். வாயில் வைத்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது, ருசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வரவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். வேலை வேறு யாருக்கோ போயிற்று. வீடும் குழாயும் அதோடு போயின. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களை உருட்டினேன்.

வேலை ஏன் கிடைக்கவில்லை என்று மாமியார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஒசரம் பத்தலயாம்மா."

மாமியார் திரும்பி மாமனார் படத்தை முறைத்தார்.

"எல்லாம் இந்தாளால வந்தது. ஒசரத்தையாவது ஒழுங்கா குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா."