கையில் சுற்றிய கயிறு

இரவீந்திரனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில் பதினான்கு வருடமாக அவருக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன். நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது. அவர் தன் மனைவி பவதாரணிக்கு அடித்தது கன்னத்திலா முதுகிலா என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய அளவுக்கு மெல்லியது.

அவருடைய வாழ்க்கையை அடிகளை வைத்துத்தான் சொல்ல முடியும். பதினாறு வயதில் வட்டுக்கோட்டையில் மாட்டுவண்டிச் சவாரி ஓடியவர். ஆணி வைத்த தடியால் மாட்டின் பின்புறத்தில் இரத்தம் வரக் குத்தி ஓட்டுவதுதான் அந்த விளையாட்டு. அதை இன்றைக்கும் வீரமாகச் சொல்லுவார். இருபது வயதில் கொழும்பில் இராணுவத்திடம் பிடிபட்டு நாலு மாதம் உள்ளே இருந்தார். அங்கே துப்பாக்கிப் பிடியால் வாயில் வாங்கியதில் முன்பல் மூன்று போனது. அதை மட்டும் அவர் சொல்ல மாட்டார், பவதாரணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுவிஸுக்கு வந்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தபோது, ஏதோ ஒரு சொல்லுக்காகச் சமையற்காரன் மேல் கொதிக்கிற சட்டியை எறிந்து வேலை போனது. பிறகு ஷ்லீரனில் பொதி கட்டும் தொழிற்சாலை. கோயில் திருவிழாவில் சாமி தூக்கும்போது முன்கொம்பை யார் பிடிப்பது என்ற சண்டையில் ஒருவருடைய மூக்கை உடைத்தார். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிசரைக் கடித்த கதையாகக் கை வீட்டுக்குள் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாத மாலை பவதாரணியின் தலை எங்கள் சுவரில் மோதியது. என் வீட்டுப் பக்கத்தில் மாட்டியிருந்த கலண்டர் கீழே விழுந்தது. அவர்களுடைய மகள் லக்சனா, அப்போது எட்டு வயது, ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே கால்கள் விறைப்பு, தள்ளுவண்டியை விட்டு இறங்கி ஓடவும் முடியாது. நான் பொலிசுக்குப் போன் அடித்தேன். அவரை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பதினான்கு நாள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றும், கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போகவேண்டும் என்றும் கட்டளை வந்தது.

எங்கள் ஆட்கள் இதற்காகக் கோபித்தது என்னோடுதான். "நாலு பேரைக் கூப்பிட்டுக் கதைச்சுத் தீர்க்கிற விஷயத்துக்குப் பொலிசோ, பத்மினி?" என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்டார்கள். நாலு பேர் வந்து கதைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள், பிறகு கதவு சாத்தப்படும் என்பது எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வகுப்புக்குப் பிறகு சுவர் அமைதியாக இருந்தது. முழுவதும் அல்ல.

அந்த வருடம்தான் டாக்டர் லக்சனாவைக் குதிரைச் சிகிச்சைக்கு அனுப்பினார். ஊருக்கு மேலே, காட்டோரமாக ஒரு பண்ணையில் ரெகுலா என்ற சுவிஸ் பெண்மணி நடத்துகிற இடம். குதிரையின் நடை பிள்ளையின் இடுப்பை ஆட்டி இளக்கும். இடுப்பு எலும்பு மூட்டை விட்டு விலகிக்கொண்டு வந்தது. சவாரி விடாமல் நடந்தால் எலும்பை வெட்டிப் பொருத்தும் ஆபரேஷன் தேவைப்படாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காத்திருப்பவர்களின் பட்டியல் இப்போது இரண்டு வருடம் நீளம். இடம் போனால் ஆபரேஷன்தான். பவதாரணிக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை. அவள் கேட்டதால் குதிரைக்கு இடப்பக்கம் நடந்து பிள்ளையின் தொடையைப் பிடிக்கிற தொண்டுக்கு நான் போனேன். குடும்பத்தில் ஒருவராவது கூட வரவேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் இரவீந்திரனும் வந்தார்.

இரண்டு வருடம் நாங்கள் ஒரு சொல் பேசவில்லை. நடுவில் குதிரை நடந்தது.

குதிரையின் பெயர் ஃப்ளோரா. பழுப்பு நிறம், வயிறு பெரியது, பொறுமைசாலி. ஆனாலும் உயிருள்ள மிருகம். இந்த வருடம் மார்ச்சில் வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது இரவீந்திரனின் தோளைக் கடித்துவிட்டது. அவர் கையைப் பொத்தி அதன் மூக்கில் ஓங்கிக் குத்தினார். மூக்குத் துவாரத்தால் இரத்தம் வந்து என் சப்பாத்தில் சொட்டியது. "அடியாத மாடு படியாது" என்று தமிழில் ஒரு விளக்கம் வேறு. ரெகுலா அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். மிருகத்தின் மேலோ மனிதரின் மேலோ இன்னொரு தடவை கையை ஓங்கினால் குடும்பத்தோடு வெளியே. பிள்ளையும்தான். அவர் கையெழுத்து வைத்தார். பேனா தாள் கிழியும்படி இறங்கியது.

அது நடந்தது நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வழக்கமாகக் குதிரையை நடத்துகிற முன்னாள் தபால்காரருக்கு முதுகு பிடித்துவிட்டது. ரெகுலா யோசித்து யோசித்து இரவீந்திரனின் கையில் கயிற்றைக் கொடுத்தார். எட்டு மாதமாக ஒழுங்காக நடந்தாரே என்று நினைத்திருப்பார். ரெகுலா வலப்பக்கம், நான் இடப்பக்கம், மேலே தலைக்கவசத்தோடு லக்சனா. குதிரைக் கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றக்கூடாது, மடித்துத்தான் பிடிக்கவேண்டும். அங்கே முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது, சுவரிலும் படமாக ஒட்டியிருக்கிறது. ஆனால் சவாரி மாடு பிடித்த கை அது. மூக்கணாங்கயிற்றை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் மாடு மதிக்கும் என்று பதினாறு வயதில் பழகியது. பத்து அடி நடந்ததும் அவருடைய வலக்கையில் கயிறு இரண்டு சுற்று ஏறியிருப்பதைக் கண்டேன். சொல்லவேண்டும் என்று வாய் வரை வந்தது. இவரோடு நான் என்ன கதைப்பது என்று வீம்பும் வந்தது. வீம்பு வென்றது. அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

பக்கத்து வயலில் புல் மூட்டைகளை மூடியிருந்த பெரிய பிளாஸ்டிக் சீலையைக் காற்று பிடுங்கிக்கொண்டு வந்து வேலியில் அறைந்தது. ஃப்ளோரா முன்னங்கால்களைத் தூக்கியது. ரெகுலா கத்தினார். நாங்கள் பழகியபடி இரண்டு பக்கமும் பிடித்துப் பிள்ளையை உருவி எடுத்தோம். மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். குதிரை ஓடியது.

இரவீந்திரனும் கூடப் போனார். முஷ்டி கயிற்றில் இறுகிவிட்டது, விட முடியவில்லை. முகம் தரையில் உரச, நாற்பது மீட்டர் இழுத்துப் போனது. பின்னங்கால் ஒன்று அவருடைய விலாவில் இறங்கியபோது பனங்கிழங்கு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வேலி மூலையில் ஃப்ளோரா தலையை உதறியது. கயிறு கழன்றது. கயிற்றோடு அவருடைய சுண்டுவிரலும் அடுத்த விரலும் கையுறைக்குள் கிடந்தபடியே போயின.

ரெகுலா முதுகைக் காட்டிக் குனிந்து பிள்ளையின் கழுத்தையும் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவீந்திரன் எழும்பியதைக் கண்டது நான். வலக்கையிலிருந்து இரத்தம் குழாய் திறந்த மாதிரி ஓடியது. இடக்கையால் வேலியில் சரிந்து கிடந்த கட்டை ஒன்றைப் பிடுங்கினார். மூலையில் முடங்கி நடுங்கிக்கொண்டு நின்ற குதிரையை நோக்கி நடந்தார். கட்டையின் நுனியில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம், தம்பி!" என்றேன். இரண்டு வருடத்தில் அவரோடு பேசிய முதல் சொல். அவர் திரும்பவில்லை. கட்டை தலைக்கு மேல் போனது. அது இறங்கினால் லக்சனாவின் இடம் போய்விடும். தொழுவத்துச் சுவரில் சாணம் அள்ளும் சவள் சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அதன் பிடியால் அவருடைய இடது முழங்கையில் அடித்தேன். கட்டை விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. முதுகில் அடித்தேன். முழங்காலில் விழுந்த மனிதனைத் தோளில் இன்னொரு தடவை அடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு அடியும் குதிரைக்காகவோ பிள்ளைக்காகவோ இல்லை. பதினான்கு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதற்காக. அடிக்கும்போது சுகமாக இருந்தது. அதுதான் பயங்கரம்.

ரெகுலா தலையைத் தூக்கியபோது கண்டது, இரண்டு விரல் போய் இரத்தத்தில் கிடக்கிற மனிதனை நான் சவளால் அடிப்பதைத்தான்.

பதினொரு நாள் கழித்து எங்கள் இருவரையும் பண்ணை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பவதாரணியும் லக்சனாவும் வெளியே நின்றார்கள். இரவீந்திரனின் கை பெரிய வெள்ளைப் பொதியாக மேசையில் இருந்தது. விலா மூன்று உடைந்ததால் மூச்சை அளந்து அளந்து விட்டார். ரெகுலா சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கட்டையை ஃப்ளோராவை அடிக்கவா எடுத்தீர்கள்?" என்று ஜெர்மனில் அவரிடம் கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லை. விழாமல் ஊன்றி நிற்கத்தான் எடுத்தார். எங்களுக்குள் வீட்டுச் சண்டை ஒன்று இருக்கிறது. அந்தக் கோபத்தில் நான் அடித்தேன்."

"அப்படியா?" என்று ரெகுலா அவரைப் பார்த்தார்.

அவர் என்னைப் பார்த்தார். பொலிசைக் கூப்பிட்டவளைப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மகளின் இடத்தைக் காப்பாற்றவும் வேறு வழி கிடையாது. "யா" என்று ஆமோதித்தார். அவ்வளவுதான். அப்படிச் சொல்லவேண்டும் என்றுதான் நான் பொய் சொன்னேன். ஆனாலும் வாய் கூசாமல் அவர் அதைச் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

ரெகுலா களைத்துப்போன குரலில் முடிவைச் சொன்னார். பிள்ளை தொடர்ந்து வரலாம். கயிற்றைக் கையில் சுற்றியதால் இரவீந்திரன் இனிக் குதிரைப் பக்கம் போகக்கூடாது, அவருக்குப் பதிலாகப் பவதாரணி வேலை நாளை மாற்றிக்கொண்டு வரட்டும். நான் அந்த வளவுக்குள் இனி ஒருபோதும் கால் வைக்கக்கூடாது. "உங்களைத்தான் நான் அதிகம் நம்பினேன்" என்றார். அதற்கு நான் அழுதேன்.

வெளியே தள்ளுவண்டியில் லக்சனா இருந்தாள். பவதாரணி என் முகத்தைப் பார்த்து என் கையைப் பிடித்தாள். லக்சனா மறந்து விட்டுப்போயிருந்த தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு ரெகுலாவும் எங்களுக்குப் பின்னால் வந்தார்.

"அன்ரி, சனிக்கிழமை வருவீங்களோ?" என்று லக்சனா கேட்டாள். அவளுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும்.

"இல்லையம்மா. நான் உங்கட அப்பாவை அடிச்சுப்போட்டன் எல்லோ, அதாலதான். இனி அம்மா வருவா."

அவள் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா ஃப்ளோராவை அடிக்கப் போனவர். கட்டையைத் தூக்கினவர். நான் கண்டனான்" என்றாள். நிறுத்தி, மூச்சு எடுத்து, "வீட்டில அம்மாவுக்குத் தூக்கிற மாதிரி" என்றாள்.

இரவீந்திரனின் முகம் சாம்பல் நிறமானது. ரெகுலா தலைக்கவசத்தை நீட்டியபடி, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, பவதாரணியும் திறக்கவில்லை.

இரவீந்திரன் வண்டிக்கு முன்னால் ஈரமான கல்லுத் தரையில் முழங்காலில் இருந்தார். உடைந்த விலாவோடு குனிந்து, மிச்சம் மூன்று விரல் உள்ள அந்தப் பொதியை மகளின் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மிருகம் மாதிரிக் குரலெடுத்து அழுதார். லக்சனா அவருடைய தலையைத் தொடவில்லை. ரெகுலா திரும்பவும் அவளிடமே கேட்டார். லக்சனா பிறந்தது இந்த நாட்டில். எங்கள் எல்லோரையும் விட அவளுக்கு அந்த மொழி நன்றாக வரும்.

"ஒன்றுமில்லை" என்று அவள் ஜெர்மனில் சொன்னாள். "அப்பாவுக்குக் கை நோகுதாம்."