ஏணி மேல் ஒருவர்

என் அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இன்னொரு கோட்’ என்றால்தான் தெரியும். தொழில் பெயிண்டர். சுவரில் கறை, வீட்டில் சண்டை, பல்லில் வலி என்று எதைச் சொன்னாலும், “இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும்” என்பார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நான் தச்சன். இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை அமைந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. வேலையும் நடக்காது.

அப்படி அமைந்ததுதான் கடைவீதி மூலையில் இருந்த பழைய டெலிபோன் கட்டடம். பல வருஷம் புறாக்கள் மட்டும் குடியிருந்த அதை யாரோ வாங்கி, சின்ன ஹோட்டலாக மாற்றினார்கள். சின்னது என்றால் அறைகள்தான் கொஞ்சம். பந்தா ஒன்றும் கொஞ்சமில்லை.

மேல்மாடியில் நீளமான ஒரு ஹால். கல்யாணத்துக்கு முன் என் அக்கா அங்கேதான் வேலை பார்த்தாள். பெண்கள் வரிசையாக ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவிட்டு, “லைன்ல இருக்காங்க, பேசுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். இப்போது அதைத் தடுத்து அறைகளாக்கினோம். மத்தியானத்தில் உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் சாய்ந்து விழும். என் மரத்தூள் அதில் இறங்க மனமில்லாமல் மிதக்கும். இழைப்புளியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால், பக்கத்து அறையில் நிறையப் பெண்கள் தணிந்த குரலில் பேசுவது கேட்கும். பேயெல்லாம் இல்லை, புறாதான். தெரிந்தும் நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

மாமா அக்காவைப் பார்த்ததும் அந்த ஹாலில்தான். வாலிப வயதில் அங்கே பெயிண்ட் அடிக்க வந்தவர், ஒரு வாரத்து வேலையை மாதக்கணக்கில் இழுத்தார். அவர் சொல்வதைக் கேட்டால், ஆசை முழுக்க அவருக்குத்தான். அக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள், அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். “ஏதோ போனாப் போகுதுன்னு கட்டிக்கிட்டா மாப்ளே” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. மனுஷன் அதை உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார்.

மாமா காய்ச்சலில் படுத்திருந்த சமயம், வேலையை மேற்பார்வை பார்த்த இன்ஜினியரம்மா ஜன்னலோரச் சுவரைச் சுரண்டச் சொன்னார். எதைத் தொடுவதற்கும் முன்னால் சுவரிடம் அனுமதி கேட்பதுபோல ஒரு நிமிஷம் நிற்கிற பெண்மணி அவர். பச்சை உதிர்ந்தது, மஞ்சள் உதிர்ந்தது, வெள்ளை உதிர்ந்தது. அடியில் வழவழவென்று நீல எண்ணெய்ப் பெயிண்ட். அந்த நீலத்தில் ஹேர்பின்னால் கீறிய ஒரு படம். தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஓர் ஏணி. அதன் மேல் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு பிரஷ் பிடித்த ஓர் ஆள். வேலையில் மூழ்கினால் அப்படி நாக்கைத் துருத்துகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அது இன்னும் இருக்காடா?”

“நீயா கீறினே?”

“பின்னே, சுவர் தானாவே கீறிக்கிச்சா? எப்பப் பாரு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிப்பாரு. இதையாவது பார்ப்பாருன்னு வரைஞ்சேன். மறுநாள் வந்தா, அது மேலயே வெள்ளை அடிச்சு வச்சிருக்காரு.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“சொன்னா, அவர் மனசு குளிரச் சொல்றேன்னு நினைப்பாரு. காட்ட என்ன இருந்துச்சு? நீ வாயைத் திறக்காதே. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.”

முழங்கால் வலியில் அவளால் படி ஏற முடியாது. லிஃப்ட் ஓடப்போவதோ திறப்புக்கு முதல் நாள்தான். மறுநாளிலிருந்து தங்க வருகிறவர்களைத் தவிர யாருக்கும் மேலே இடமில்லை. அந்த ஒரு நாளை விட்டால் விட்டதுதான். இன்ஜினியரம்மா படத்தைச் சுற்றி ஒரு சதுரத்தை அப்படியே விடச் சொன்னார். மாமாவை வேலை முடியும்வரை வெளிச்சுவரிலேயே நிறுத்தி வைத்தோம்.

அந்த நாள் வந்தது. அக்கா இருந்ததில் நல்ல துணியாக உடுத்தி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தாள். லிஃப்ட் கதவு திறந்ததும் கொஞ்ச நேரம் இறங்காமலே நின்றாள். சுவர்களெல்லாம் இடம் மாறியிருந்தும், யாரிடமும் வழி கேட்காமலே அவள் நேராக அந்த அறைக்கு நடந்தாள். தூக்கத்தில் நடக்கிறவளைப் பின்தொடர்வது மாதிரி நானும் இன்ஜினியரம்மாவும் சத்தமில்லாமல் பின்னால் போனோம்.

உள்ளே, வெளிச்சுவரை முடித்துவிட்டு எங்களுக்கு முன்னால் ஏறி வந்திருந்த மாமா பிரஷ்ஷோடு நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“மாப்ளே, உங்க ஆளுங்க லட்சணத்தைப் பாரு! நாளைக்குத் திறப்பு, ஜன்னலோரம் சொறி பிடிச்ச மாதிரி ஒரு சதுரத்தை அப்படியே விட்டிருக்காங்க. நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு. பிரைமர் அடிக்கக்கூட நேரமில்லை. ஒரு கோட் இழுத்துட்டேன்.”

இன்ஜினியரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஜன்னல் திட்டில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் அந்த ஈரமான வெள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டாவது தடவை” என்றாள்.

“என்ன ரெண்டாவது தடவை?”

சொன்னாள். ஏணி, பிரஷ், நாக்கு, முதுகைக் காட்டிக்கொண்டே நின்றது, எல்லாவற்றையும்.

மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது. “நீயா? என்னையா?” என்றார். பிறகு மிகவும் மெதுவாக, “நான் எங்கே சுவரைப் பார்த்தேன்? நீ குனியறப்பல்லாம் உன்னையில்ல பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றார். ஒருவர் குனியும்போது மற்றவர் பார்த்து, ஒருவர் திரும்பும்போது மற்றவர் வரைந்து, என்ன ஜென்மங்களோ! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாமா துணியை நனைத்துப் பிழிந்தார். “எண்ணெய்ப் பெயிண்ட் மேல தண்ணிப் பெயிண்ட். பிரைமரும் இல்லை. பிடிச்சிருக்காது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தான் அடித்ததைத் தானே அழிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றித் துடைத்தார். வெள்ளை விலகி நீலம் வந்தது. கீறல்களுக்குள் போன வெள்ளை மட்டும் வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்க்கவேண்டியிருந்த படம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. ஏணி, ஆள், நாக்கு.

துடைத்துக்கொண்டே கீழே வந்த கை நின்றது. நாங்கள் யாரும் அதுவரை காணாத மெல்லிய கீறல் ஒன்று வெள்ளையாக எழுந்திருந்தது. ஏணியின் அடியில் ஹெட்போன் மாட்டிய ஒரு சின்னப் பெண். அவளிடமிருந்து ஒரு கம்பி வளைந்து வளைந்து மேலே ஏறி, அந்த ஆளின் காதில் போய் முடிந்தது.

மாமா அந்தக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனார். காது வந்ததும் விரலை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடியே, “ஹலோ” என்றார்.

“லைன்லதான் இருக்கேன்” என்றாள் அக்கா. “பேசுங்க.”