தத்ரூபம்

கல்லூரியில் சிறுகதை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஐந்தாறு புத்தகங்களும் எழுதியிருக்கிறேன். வகுப்பில் ஒரு மாணவி இன்னொருத்தியின் கதையை 'தத்ரூபமாக இருக்கிறது' என்று பாராட்டினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று எரிந்துவிழுவேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்தேன். முதல் வேலை, கல்யாணம் ஆகாத வயது. ஒரு விவசாயி தன் வீட்டின் முன்னறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். அந்த அம்மாள் வடிக்கும் சாமைச் சோற்றைத்தான் நானும் சாப்பிட்டேன். அடுத்த அறையில் புளி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். கதவைச் சாத்தினாலும் அந்தப் புளிப்பு மூக்கை விட்டுப் போகாது.

பொழுது போகாமல் ஒரு கதை எழுதினேன். சந்தன மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டிய ஒருவனின் கதை. கட்டையை அவன் எங்கே ஒளிப்பான் என்று யோசித்தேன். சந்தன வாசனையை அமுக்கப் புளிதான் சரி என்று பட்டது. புளி மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது. அச்சில் வந்த என் முதல் கதை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாட்களில் வனத்துறை ரேஞ்சர் இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் அந்தப் பத்திரிகை.

"டீச்சர், நீங்க எழுதினதுதானே? ரொம்ப தத்ரூபம்ங்க. நேர்ல பார்க்காம இப்படி எழுத முடியாது."

ஒரு கணம் மகிழ்ந்துதான் போனேன். பிறகே அவர் பார்வை என் தோளைத் தாண்டி அடுத்த அறைக்குள் போவதைக் கவனித்தேன்.

"சார், அது கதை."

"கதைதாங்க. யார் வூட்டுக் கதைன்னு சொல்லிட்டா நாங்க போய்ட்டே இருப்போம்."

யார் வீடும் இல்லை, நானாகக் கட்டியது என்றேன். கதை ரொம்ப சுமார், நம்புகிற மாதிரியே இல்லை என்று என் எழுத்தை நானே மட்டம் தட்டினேன். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. "டீச்சரம்மா எழுதிப் போட்டுட்டாங்களாம்" என்று ஒரு குரல். அங்கே எழுதிப் போடுவது என்றால் ஒரே அர்த்தம்தான்: ஒருவர் மேல் அதிகாரிகளுக்குப் புகார் அனுப்புவது. வேறு எதற்காக ஒருத்தி மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதப்போகிறாள்?

வீட்டுக்காரர் சுவரோரமாக நின்றார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்டுகள் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினார்கள். சில கிழிந்து புளி தரையெல்லாம் கொட்டியது. அடி வரிசைக்குக் கீழே, கோணிப்பையில் சுற்றிய சந்தனக் கட்டைகள் இருந்தன.

எனக்குத் தோன்றிய இடம் அவருக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது? அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் ஜனம் கலைந்தது.

அந்த அம்மாள் கொட்டிக் கிடந்த புளிக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கட்டை இருந்தது அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. மனசுல தோணினதை எழுதினேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தினி வருசமா கூடவே கீறேன், என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல. உங்களாண்ட சொல்லிக்கிறாரு. நான் வூட்ல இல்லாதப்பவா டீச்சர்?"

அவர் கேட்டது சந்தனத்தைப் பற்றி அல்ல என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவமானமும் ஆத்திரமுமாக அறைக்குள் போய்ப் பெட்டியைக் கட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன். நான் அப்படிக் கிளம்பிப் போனதையே அந்த அம்மாள் பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார்.