கோட்டின் மேல் எட்டு

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஒன்பது வயதில் அந்தப் பெருமை எனக்கு அளவுக்கு மிஞ்சியே இருந்தது. மாமா ஊதும்போது இசைத்தாள் பிடிக்க நான்தான் நிற்பேன் என்று அடம்பிடித்ததும் அதனால்தான்.

மாமா, அம்மாவின் அண்ணன். நாயாற்றில் இறால் பிடிப்பவர். கையெழுத்துப் போடவே தடுமாறுவார். ஆனால் இளவயதில் மாதா கோயில் பாண்டு வாத்தியக் குழுவில் ஒரு பாதிரிச் சுவாமி அவருக்கு, நத்தைபோல் சுருண்ட பித்தளைக் குழலான ஹோர்ன் ஊதவும், இசைத்தாளைப் பார்த்து வாசிக்கவும் பழக்கியிருந்தார். மாமி கன்னியர் மடத்தில் வளர்ந்து பியானோ பழகியவர். இருவரும் சேர்ந்து வாசிக்க சொனாட்டா என்ற இசைப்படைப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். ஹோர்னுக்கு ஒரு தாள், பியானோவுக்கு ஒரு புத்தகம்.

இடம்பெயர்ந்தபோது மாமா ஹோர்னையும் தன் தாளையும் உரப்பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து தோண்டியபோது இரண்டும் இருந்தன. மாமி தன் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தார். முள்ளிவாய்க்காலிலிருந்து புத்தகமும் வரவில்லை, மாமியும் வரவில்லை.

மீள்குடியேறிய பின் வந்த முதல் கோயில் பெருநாளுக்கு மாமாவை ஊதச் சொல்லிக் கேட்டார்கள்.

"தனிய என்னெண்டு அண்ணை ஊதுறது?" என்றார் அம்மா.

"தனிய இல்லை" என்றார் மாமா. என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் தகரக் கொட்டில் கோயிலுக்குள் மாமா கதிரையில் இருந்து ஊதினார். முன்வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் சட்டென்று நிறுத்தி, ஹோர்னை மடியில் வைத்தார். இடப்பக்கம் திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்தபடி வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.

என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். புள்ளிகள் முடிந்து ஒரு தடித்த கோடு, அதன்மேல் எட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு முடிந்தால் கோடு கீறி, அடுத்த கணக்கின் இலக்கத்தைப் போடுவோம். மாமாவுக்கு அது தெரியவில்லை, பாவம்.

"மூச்சு முட்டிப்போச்சு போல" என்றது பின்னால் ஒரு குரல்.

"நத்தைக்குள்ளை தண்ணி போயிட்டுதோ?" என்றது இன்னொன்று. இருக்கை வாங்குகள் முழுக்கச் சிரிப்பு. என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு முகம் கொதித்தது. மாமாவின் ஐந்து விரல்களும் மடிந்த நேரம், தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுது!" என்று கத்திக் கைதட்டினேன். சனமும் தட்டியது. ஸ்பீக்கர்காரர் உடனே ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார்.

"கோடு கீறியிருக்கு மாமா. முடிஞ்சுதுதானே?"

"ஓம் பிள்ளை" என்றார். "முடிஞ்சுதுதான்."

ஹோர்னை உரப்பையில் போட்டுக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் அதை எடுத்து நான் கண்டதில்லை. நானோ, மாமாவின் மானத்தைக் காப்பாற்றிய கதையை ஒரு கிழமையாக வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

கோட்டின் மேல் ஓர் எண் இருந்தால், அத்தனை தாளக் கட்டங்களுக்கு ஊதாமல் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் இதை அறிந்தேன். அன்று மாமா மடித்தது ஐந்து விரல்கள். மாமி இன்னும் வாசித்து முடிக்கவில்லை.